மார்பை எடுத்துட்டா கரண்ட் வேண்டாமா? ரேடியேஷன் பத்தி முடிவெடுக்க உக்காந்திருக்கிறவங்களுக்கு

"மார்பையே முழுசா எடுத்துட்டா கரண்ட் வைக்க வேண்டாம்தானே டாக்டர்?" மார்பகப் புற்றுநோய்னு பயாப்ஸி ரிப்போர்ட் வந்த வீட்டுல இருந்து போறவங்க முக்காவாசிப் பேரு முதல்ல கேக்கிற கேள்வி இதுதான், கரண்ட்னு அவங்க சொல்றது ரேடியேஷனை. ஏன் கேக்கறாங்கன்னு புரியுது. அஞ்சாறு வாரம் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு யாரோ சொல்லிருப்பாங்க, ஊரோ அருப்புக்கோட்டை, மெஷின் இருக்கிறது மதுரையில, வீட்டுல ப்ளஸ் டூ படிக்கிற புள்ள, வயசான மாமியார், லீவு போட்டா சம்பளம் புடிக்கிற வேலை, இதெல்லாம் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்போது ஒரே ஆபரேஷனோட முடிஞ்சா நல்லாருக்குமேன்னுதான் யாருக்கும் தோணும். நான் சொல்ல வர்றது என்னன்னா அந்தக் கணக்கு பழைய கணக்கு. அஞ்சாறு வாரம்னு வச்சுப் போட்டது. இப்ப பல பேருக்கு அது மூணு வாரம், சிலருக்கு ஒரே வாரம். கணக்குல நாள் மாறினா முடிவும் மாறலாம், அதனால மார்பை எடுக்கலாமா வேண்டாமான்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க.

நான் டாக்டர் இல்ல. எங்க அத்தைக்கு வந்தப்ப கூட இருந்து பாத்தவ, அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க நாலு பேரு போன் பண்ணிக் கேக்க ஆரம்பிச்சதுல விஷயத்தைத் தேடித் தேடிப் படிச்சவ, அவ்வளவுதான். இங்க சொல்றது பொதுவான விவரம், உங்க ரிப்போர்ட்டைப் பாத்துச் சொல்ல வேண்டியது உங்க டாக்டர்.

சரி, முதல் ஒப்பீடு. கட்டியையும் அதைச் சுத்திக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துட்டு மீதி மார்புக்கு ரேடியேஷன் வைக்கிறது ஒரு வழி, மார்பு முழுசையும் எடுத்துடறது இன்னொரு வழி. முழுசா எடுத்தாத்தான் சேஃப்னு நம்ம ஆளுங்க மனசுல ஆழமாப் பதிஞ்சு கிடக்கு, ஒரு காலத்துல டாக்டர்களும் அப்படித்தான் நம்புனாங்க, மார்போட சேத்து அடியில இருக்கிற நெஞ்சுத் தசையையும் வழிச்சு எடுத்தாங்க. அதை அசைச்சுப் பாத்தவங்க ரெண்டு பேரு. இத்தாலியில மிலான் நகரத்துல உம்பர்ட்டோ வெரோனேசி 1973-ல இருந்து 1980 வரைக்கும் சின்னக் கட்டி இருந்த 701 பொண்ணுங்களைச் சேத்து ஒரு சோதனை நடத்துனாரு, பாதிப் பேருக்குப் பழையபடி முழு ஆபரேஷன், பாதிப் பேருக்கு மார்புல கால்வாசியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன். அமெரிக்காவுல பெர்னார்ட் ஃபிஷர் 1976-ல இன்னும் பெரிய சோதனை ஆரம்பிச்சாரு. ரெண்டுக்கும் 20 வருஷ ரிசல்ட் 2002-ல வந்துச்சு. ரெண்டு வழியிலயும் உயிரோட இருந்தவங்க எண்ணிக்கையில வித்தியாசமே இல்ல. 20 வருஷம் பொறுத்திருந்து பாத்த ரிசல்ட், இதுக்கு மேல என்ன வேணும்.

ஆனா ஃபிஷர் சோதனையில மூணாவதா ஒரு குரூப் இருந்துச்சு, நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமான குரூப் அதுதான்னு நான் நினைக்கறேன். கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் வைக்காம விட்டவங்க. அவங்கள்ல 20 வருஷத்துக்குள்ள அதே மார்புல நோய் திரும்ப வந்தது 39.2 சதவீதம் பேருக்கு. ரேடியேஷன் வச்சவங்களுக்கு 14.3 சதவீதம். இப்ப மருந்து, ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் முன்னேறிட்டதால ரெண்டு நம்பருமே கீழ இறங்கிருச்சு, ஆனா இடைவெளி ஏன் வருதுன்னு பாத்தா, கண்ணுக்குத் தெரியற கட்டியை எடுத்த பிறகும் மீதி மார்புல கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க அங்கங்க ஒளிஞ்சிருக்கும், ரேடியேஷன் அதுங்களோட டிஎன்ஏவை வெட்டி விட்டுடுது, நல்ல செல் அதைச் சரி பண்ணிக்கும், புற்று செல்லுக்கு அந்தத் திறமை கம்மி, அதனால பெருகப் பாக்கும்போது செத்துடும். அப்புறம் 2011-ல 17 சோதனையில இருந்து 10,801 பேரோட விவரத்தைச் சேத்துப் பாத்தாங்க: பத்து வருஷத்துக்குள்ள நோய் எங்கயாச்சும் திரும்பறது 35 சதவீதத்துல இருந்து 19.3-க்கு இறங்குது, 15 வருஷத்துக்குள்ள மார்பகப் புற்றுநோயால இறக்கிறது 25.2-ல இருந்து 21.4-க்கு. அதாவது இது வெறும் மார்பைக் காப்பாத்தற வேலை மட்டுமில்ல, கொஞ்சம் பேரோட உயிரையும் சேத்துக் காப்பாத்துது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா, இருக்கிறதுலயே மோசமான வழி எதுன்னு கேட்டா கட்டியை எடுத்துட்டு "அதான் எடுத்தாச்சே, இனி எதுக்கு"ன்னு கரண்டுக்குப் போகாம விடறது. பக்கத்து டவுன் நர்சிங் ஹோம்ல சாதாரணக் கட்டின்னு நினைச்சு எடுத்துட்டு, பயாப்ஸியில புற்றுன்னு வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்த லெட்டரைப் பீரோவுல வச்சுட்டு இருக்கிறவங்க இருக்காங்க. அவங்க ரெண்டு வழியில எதையும் எடுக்கல, நடுவுல நிக்கறாங்க. அங்க நிக்காதீங்க, ரேடியேஷன் வைக்க வரவே முடியாதுன்னு உண்மையிலயே தெரிஞ்சா அப்ப முழுசா எடுக்கறது பத்தி டாக்டர்கிட்ட பேசறது தப்பில்ல, அது நியாயமான காரணம்தான்.

இப்ப அந்த முதல் கேள்விக்கு வர்றேன். மார்பை எடுத்துட்டா கரண்ட் வேண்டாமா? சில பேருக்கு ஆமா வேண்டாம், கட்டி சின்னது, அக்குள் நெறிக்கட்டியில (நிணநீர் முடிச்சுல) எதுவும் இல்ல, வெட்டி எடுத்த சதையோட ஓரத்துல நோய் இல்லன்னா பெரும்பாலும் தேவைப்படாது. ஆனா கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல இருந்தாலோ, தோல்லயோ நெஞ்சுச் சுவர்லயோ ஒட்டியிருந்தாலோ, நாலு நெறிக்கட்டியிலயோ அதுக்கு மேலயோ பரவியிருந்தாலோ, மார்பை எடுத்த பிறகும் நெஞ்சுச் சுவருக்கும் கழுத்தெலும்பு மேல இருக்கிற இடத்துக்கும் ரேடியேஷன் உண்டு. நம்ம பக்கம் கட்டி பெருசாகி வலி வந்த பிறகுதானே நிறைய பேரு டாக்டர்கிட்ட போறாங்க, அதனால "கரண்ட் வேண்டாம்னு சொல்லித்தான எடுத்தோம், இப்ப மறுபடி கரண்ட்ங்கறாங்களே"ன்னு வாசல்ல உக்காந்து அழறவங்களை நானே பாத்திருக்கேன். மார்பும் போச்சு, கரண்டும் வந்துச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடியே "எடுத்தாலும் எனக்கு ரேடியேஷன் வர வாய்ப்பு எவ்வளவு"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த அதிர்ச்சி இருந்திருக்காது. கீமோவை முதல்ல குடுத்துக் கட்டியைச் சுருக்கிட்டு அப்புறம் ஆபரேஷன் பண்றவங்க இதை இன்னும் நல்லாக் கேட்டுக்கணும், ஏன்னா கட்டி கரைஞ்சே போனாலும் கீமோவுக்கு முன்னாடி இருந்த ஸ்டேஜையும் பாத்துத்தான் ரேடியேஷன் முடிவு பண்ணுவாங்க.

நடுவுல ஒரு சாம்பல் நிற இடம் இருக்கு, ஒண்ணுல இருந்து மூணு நெறிக்கட்டியில மட்டும் நோய் இருந்தவங்க. இவங்களுக்கு மார்பை எடுத்த பிறகு ரேடியேஷன் வைக்கணுமா வேண்டாமான்னு டாக்டர்களுக்குள்ளயே ரொம்ப நாள் வாக்குவாதம். பழைய சோதனைகளைச் சேத்துப் பாத்து 2014-ல வந்த அலசல் வச்சா நல்லதுன்னு சொன்னுச்சு. அப்புறம் சுப்ரீமோன்னு ஒரு சோதனை, 1,600 பேருக்கு மேல, 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல சான் அன்டோனியோ மாநாட்டுல ரிசல்ட் சொன்னாங்க, இந்தக் காலத்து மருந்தெல்லாம் எடுத்துக்கிட்ட நடுத்தர ரிஸ்க் பேஷண்டுங்களுக்கு நெஞ்சுச் சுவர் ரேடியேஷனால பத்து வருஷத்துல உயிர் பிழைக்கிறதுல வித்தியாசம் தெரியலன்னு. அதனால உங்க பேப்பர்ல ஒண்ணு ரெண்டு நெறிக்கட்டின்னு இருந்தா "எனக்கு ஏன் வேணும்"னு தைரியமாக் கேளுங்க, இளவயசு, ட்ரிப்பிள் நெகட்டிவ் (ஹார்மோன் ரிசெப்டர் ரெண்டும் ஹெர்-2வும் இல்லாத வகை) மாதிரி வேற காரணம் இருக்கலாம், இருந்தா சொல்லுவாங்க. இந்த இடத்துல ரெண்டாவது டாக்டர் ஒருத்தரோட கருத்து கேக்கறது நேர விரயமில்ல.

முழுசா எடுக்கறதுதான் சரியான வழின்னு இருக்கிறவங்களும் உண்டு, அவங்களைக் குழப்ப விரும்பல. ஒரே மார்புல தள்ளித் தள்ளி நாலைஞ்சு இடத்துல கட்டி, மார்பு சின்னது கட்டி பெருசு, ரெண்டு தடவை வெட்டியும் ஓரத்துல நோய் விடல, ஏற்கனவே நெஞ்சுப் பக்கம் ரேடியேஷன் வாங்கினவங்க, தோல் இறுகிப்போற ஸ்க்லீரோடெர்மா மாதிரி நோய் இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க (வயித்துல புள்ள இருக்கும்போது ரேடியேஷன் வைக்க மாட்டாங்க), புற்றுநோய் சுலபமா வர வைக்கிற டிபி53 ஜீன் கோளாறு இருக்கிற குடும்பம். இன்னொரு பக்கம், எந்த மருத்துவக் காரணமும் இல்லாம "எனக்கு இது உடம்புல இருக்க வேண்டாம், இருந்தா தினமும் பயம்"னு சொல்றவங்களும் இருக்காங்க, அது அவங்க உடம்பு, அவங்க முடிவு. எனக்குக் கோவம் வர்றது புருஷனோ அண்ணனோ மாமனாரோ ரூம் வெளிய நின்னு "எடுத்துடுங்க சார், இந்த வயசுக்கு மேல எதுக்கு"ன்னு சொல்லிட்டு வரும்போதுதான். நாப்பத்தெட்டு வயசுப் பொம்பளைக்கு மார்பு எதுக்குன்னு அவங்களைத்தான் கேக்கணும்.

இப்ப நாள் கணக்கு. பழைய முறை 50 கிரே (கிரேங்கறது ரேடியேஷன் அளவோட யூனிட்) அளவை 25 சிட்டிங்கா உடைச்சு அஞ்சு வாரம், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், சிலருக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் மேல கொஞ்சம் பூஸ்ட்னு இன்னொரு வாரம். அதுதான் அஞ்சாறு வாரம்ங்கற பேச்சு. பிரிட்டன்ல ஸ்டார்ட்-பி ன்னு ஒரு சோதனையில 40 கிரேவை 15 சிட்டிங்ல மூணு வாரத்துல முடிச்சுப் பாத்தாங்க, பத்து வருஷ ரிசல்ட் 2013-ல வந்துச்சு, நோய் திரும்பறது 4.3 சதவீதம், பழைய முறையில 5.5, அதாவது குறைஞ்ச நாள்ல வச்சதால எந்தக் குறையும் இல்ல, மார்போட சுருக்கம் வீக்கம் எல்லாம் கூட கம்மியாத்தான் இருந்துச்சு. கனடாவுலயும் 16 சிட்டிங் வச்சுப் பாத்து அதே முடிவுக்கு வந்தாங்க. அப்புறம் பிரிட்டன்லயே ஃபாஸ்ட்-ஃபார்வர்டு, 4,096 பேரு, 26 கிரே, அஞ்சே சிட்டிங், ஒரே வாரம். அஞ்சு வருஷ ரிசல்ட் 2020-ல வந்துச்சு: அதே மார்புல திரும்பினது ஒரு வாரக் குரூப்ல 1.4 சதவீதம், மூணு வாரக் குரூப்ல 2.1. கொரோனா நேரம் வேற, பிரிட்டன் டாக்டர்கள் உடனே பிடிச்சுக்கிட்டாங்க. கொல்கத்தாவுல டாட்டா மெடிக்கல் சென்டர்லயும் நம்ம நாட்டுப் பொண்ணுங்களை வச்சே ஒரு வாரத்தையும் மூணு வாரத்தையும் ஒப்பிட்டு ஹைபோர்ட்னு சோதனை ஆரம்பிச்சாங்க.

ஒரு தடவைக்கு அளவு கூட, நாள் கம்மி, மொத்த அளவும் கம்மி, இதுதான் அதோட சூட்சுமம். மார்பகப் புற்று செல்லுங்க ஒரு தடவைக்கு வைக்கிற அளவு கூடினா நல்லாவே அடங்குதுன்னு தெரிஞ்ச பிறகு இழுத்துக்கிட்டே போக வேண்டிய அவசியம் போயிருச்சு. அப்ப ஏன் இன்னும் சில இடத்துல 25 சிட்டிங் எழுதறாங்க? சில காரணம் நியாயமானது, மார்பை எடுத்துட்டு உடனே இம்ப்ளான்ட் (உள்ள வைக்கிற செயற்கை மார்பு) வச்சுக்கட்டினவங்க, நெறிக்கட்டிப் பக்கம் முழுக்க வைக்க வேண்டியவங்கன்னு டாக்டருக்குத் தயக்கம் இருக்கலாம் (நெறிக்கட்டிக்கும் இப்ப நிறைய இடத்துல மூணு வாரம்தான்). சில காரணம் பழக்கம். இன்னொண்ணையும் சொல்லிடறேன், பில் சிட்டிங் கணக்குல போடற இடத்துல சிட்டிங் குறையறது யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அமெரிக்காவோட ரேடியேஷன் டாக்டர் சங்கமான ஆஸ்ட்ரோவே 2013-ல "50 வயசுக்கு மேல ஆரம்ப ஸ்டேஜ்ல இருக்கிறவங்களுக்குக் குறைஞ்ச நாள் முறையை யோசிக்காம முழு மார்பு ரேடியேஷன் ஆரம்பிக்காதீங்க"ங்கற அர்த்தத்துல தன்னோட ஆளுங்களுக்கே அறிவுரை சொன்னுச்சு. 25-ன்னு எழுதிக் குடுத்தா சண்டைக்குப் போக வேண்டாம், "எனக்கு 15 ஒத்து வராதா டாக்டர், அஞ்சு ஒத்து வராதா"ன்னு மட்டும் கேளுங்க.

அருப்புக்கோட்டைக்காரங்க கணக்கை இப்ப திரும்பப் போடுங்க. அஞ்சாறு வாரம் மதுரையில வாடகைக்கு ரூம் எடுக்கறது வேற, மூணு வாரம் சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு சனி ஞாயிறு ஊருக்கு வர்றது வேற, ஒரே வாரம்னா லீவு போட்டுட்டு முடிச்சுட்டே வந்துடலாம். எங்க அத்தைக்கு மூணு வார முறைதான் சொன்னாங்க, தினமும் பஸ்லயே போயிட்டு வந்தாங்க, மெஷின் மேல படுத்திருக்கிற நேரம் பத்து நிமிஷம் கூட வராது, காத்திருக்கிறதும் பஸ்ஸும்தான் நாளைத் தின்னுச்சு. இதைத் தெரிஞ்சுக்கிட்டும் ஒருத்தர் முழுசா எடுக்கறேன்னா சரி, தெரியாம எடுத்தாத்தான் எனக்கு மனசு கேக்கல.

வயசானவங்களுக்கு வேற கதை. 65 வயசுக்கு மேல, கட்டி 3 சென்டிமீட்டருக்குள்ள, நெறிக்கட்டியில இல்ல, ஹார்மோன் ரிசெப்டர் பாசிட்டிவ் (ஹார்மோனால வளர்ற வகை), கட்டியை மட்டும் சுத்தமா எடுத்தாச்சு, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுறாங்கன்னா ரேடியேஷனே வைக்காம விடலாமான்னு பிரைம்-2 ங்கற சோதனையில பாத்தாங்க, 1,326 பேரு, 2023-ல பத்து வருஷ ரிசல்ட். வைக்காதவங்கள்ல அதே மார்புல திரும்பினது 9.5 சதவீதம், வச்சவங்கள்ல 0.9. ஆனா உயிரோட இருந்தவங்க ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 81 சதவீதம், இறந்தவங்கள்லயும் பெரும்பாலானவங்க வேற நோயாலதான் இறந்தாங்க. 70 தாண்டினவங்களை வச்சு அமெரிக்காவுல முன்னாடியே நடந்த சோதனையும் இதே மாதிரிதான் சொன்னுச்சு. அப்ப 74 வயசுப் பாட்டிக்கு சர்க்கரை, மூட்டு வலி, ஆட்டோவுல ஏத்தி இறக்கவே ரெண்டு ஆள் வேணும்னா ரேடியேஷனை விட்டுடறது சோம்பேறித்தனமில்ல, நல்ல முடிவாவே இருக்கலாம்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. விடறதுக்கு மாத்திரைதான் ஜாமீன். லெட்ரோசோலோ டமாக்ஸிஃபெனோ அஞ்சு வருஷம் தினமும் சாப்பிடணும். மூட்டு வலிக்குது, உடம்பு காந்துதுன்னு ஆறாவது மாசமே நிறுத்திட்டு வீட்டுல யாருக்கும் சொல்லாம இருக்கிற பாட்டிங்க எத்தனை பேரு. ரேடியேஷனும் இல்ல மாத்திரையும் இல்லன்னா அது பிரைம்-2 சொன்ன வழியே இல்ல. அதனால இப்ப ஐரோப்பாவுல தலைகீழாவும் யோசிக்கறாங்க, 70 வயசுக்கு மேல குறைஞ்ச ரிஸ்க் உள்ளவங்களுக்கு மாத்திரையை விட்டுட்டு ரேடியேஷனை மட்டும் குடுத்தா என்னன்னு யூரோப்பான்னு ஒரு சோதனை, ரெண்டு வருஷத்துல ரேடியேஷன் மட்டும் வச்சவங்களோட அன்றாட வாழ்க்கை மாத்திரை சாப்பிட்டவங்களைவிட நல்லாருந்துச்சுன்னு முதல் ரிசல்ட் வந்திருக்கு, நோய் திரும்பற கணக்கு வர இன்னும் வருஷம் ஆகும். என்னைக் கேட்டா மாத்திரை ஒழுங்கா சாப்பிட மாட்டாங்கன்னு தெரிஞ்ச பாட்டிக்கு அந்த ஒரு வார ரேடியேஷன் எவ்வளவோ மேல், ஆனா இது டாக்டரோட உக்காந்து பேச வேண்டிய விஷயம்.

மெஷின் பத்தி. நம்ம ஆளுங்க அதிகமா விசாரிக்கிறது இதைத்தான், எனக்கு என்னமோ கடைசியில விசாரிக்க வேண்டியதுன்னு தோணுது. கோபால்ட் மெஷின் பழசு, உள்ள இருக்கிற கோபால்ட்-60 அஞ்சேகால் வருஷத்துல பாதி வீரியம் போயிடும், பழசான மெஷின்ல ரொம்ப நேரம் படுத்திருக்கணும், தோல் கொஞ்சம் அதிகமா வேகும். லினாக்னா மின்சாரத்துலயே எக்ஸ்ரே உண்டாக்குற மெஷின், ஸ்கேன் எடுத்து ப்ளான் போட்டு குறி வச்சு அடிக்கலாம். ரெண்டும் இருந்தா லினாக், சந்தேகமே வேண்டாம். இப்ப சென்னையைத் தாண்டி மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி மாதிரி ஊர்லயும் அரசு மெடிக்கல் காலேஜ்ல லினாக் வந்தாச்சு. லினாக்லயே சாதாரண 3டி ப்ளானா ஐஎம்ஆர்டியான்னு (கதிரோட வீரியத்தை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைச்சு வைக்கிற முறை) அடுத்த கேள்வி, ஐஎம்ஆர்டிக்குக் காசு கூட. முழு மார்புக்கு மட்டும் வைக்கும்போது ஐஎம்ஆர்டியை வழக்கமாப் போட வேண்டியதில்லன்னு அதே ஆஸ்ட்ரோ அதே 2013-ல சொல்லிருக்கு. நெஞ்செலும்பு பக்கத்து நெறிக்கட்டி வரைக்கும் வைக்கணும், நெஞ்சு அமைப்பு ஏடாகூடமா இருக்குன்னா தேவைப்படலாம். எக்ஸ்ரேக்குப் பதிலா புரோட்டான் துகளை வச்சு அடிக்கிற மெஷின் சென்னையில 2019-ல இருந்து அப்போலோவுல இருக்கு, பல லட்சம் ஆகும், இதயம் நுரையீரல் மேல படற அளவைக் குறைக்கும், ஆனா சாதாரண ஆரம்ப ஸ்டேஜ் மார்பகப் புற்றுக்கு அதுக்காக வீட்டை அடமானம் வைக்கிறதை நான் சத்தியமா ஆதரிக்க மாட்டேன்.

மெஷின் பேரைவிட முக்கியமான கேள்வி ஒண்ணு இடது பக்க மார்புன்னா கேக்கணும்: "மூச்சை இழுத்துப் பிடிச்சு வைக்கிற முறை இங்க உண்டா?" இதயம் இடது மார்புக்கு அடியிலதானே இருக்கு. ஆழமா மூச்சை இழுத்துப் பிடிச்சா நுரையீரல் விரிஞ்சு இதயம் நெஞ்சுச் சுவர்ல இருந்து தள்ளிப் போகும், அந்த இருபது செகண்டுல கரண்ட் வச்சுட்டு நிறுத்தி மறுபடி. இதயத்து மேல படற சராசரி அளவு ஒவ்வொரு கிரே கூடும்போதும் மாரடைப்பு மாதிரி பெரிய இதயப் பிரச்சனை 7.4 சதவீதம் கூடுதுன்னு 2013-ல டென்மார்க், ஸ்வீடன் பொண்ணுங்களோட விவரத்தை வச்சுச் சொன்னாங்க. இது இருக்கிற ரிஸ்க் மேல கூடற சதவீதம், நூத்துக்கு ஏழு பேருக்கு வரும்னு அர்த்தமில்ல, அதுவும் அதெல்லாம் பழைய காலத்து முறையில வாங்கினவங்க. ஆனாலும் சர்க்கரை, பிபி, ஏற்கனவே இதயக் கோளாறு இருக்கிறவங்க கட்டாயம் கேளுங்க. மூச்சு பிடிக்கறதை வீட்டுலயே முன்கூட்டிப் பழகிக்கலாம், அத்தை சமையல்கட்டுல நின்னு பழகுனாங்க.

பக்கவிளைவு பயம் வேற நிறைய பேரை முழு ஆபரேஷன் பக்கம் தள்ளுது, அதுல பாதி கீமோவோட பக்கவிளைவை இதுமேல ஏத்தி வச்சுப் பயப்படறது. தலைமுடி கொட்டாது. வாந்தி பெரும்பாலும் இல்ல. வெளிய இருந்து வைக்கிற ரேடியேஷன் உடம்புல தங்காது, பேரப்புள்ளையைத் தாராளமாத் தூக்கலாம், தனித் தட்டு தனி ரூம் எல்லாம் வேண்டாம். நிஜமா வர்றது தோல் கறுக்கறது, அரிப்பு, மார்புக்கு அடி மடிப்புலயும் அக்குள்லயும் தோல் உரிஞ்சு ஈரமாகறது, அப்புறம் ஒரு அசதி, அசதின்னா தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. இதெல்லாம் ரேடியேஷன் முடிஞ்ச பிறகு ஒரு வாரம் பத்து நாள்ல உச்சத்துக்குப் போய் அப்புறம்தான் இறங்கும், அதனால முடிஞ்சிருச்சேன்னு மறுநாளே கல்யாண வீட்டு வேலைக்குக் கிளம்பிடாதீங்க. மஞ்சள், சந்தனம், வேப்பிலை, யாராவது குடுத்த தைலம் எதையும் கேக்காம அந்த இடத்துல போடாதீங்க. மார்க்கிங் போட்ட கோடு அழியற மாதிரி எண்ணெய் தேச்சுக் குளிக்க வேண்டாம். இறுக்கமான பிராவுக்குப் பதில் தொளதொள காட்டன்.

கை வீக்கத்தைப் பத்தியும் சொல்லணும், வருஷக்கணக்கா படுத்தறது அதுதான். அக்குள் நெறிக்கட்டியை மொத்தமா எடுக்கறதா, எடுக்காம அங்க ரேடியேஷன் வைக்கிறதான்னு அமரோஸ்னு ஒரு ஐரோப்பிய சோதனையில ஒப்பிட்டாங்க, நோய் முதல்ல போய்ச் சேர்ற நெறிக்கட்டியில நோய் இருந்தவங்களுக்கு. அஞ்சு வருஷத்துல கை வீக்கம் ஆபரேஷன்ல 23 சதவீதம், ரேடியேஷன்ல 11. நோய் அக்குள்ல திரும்பறது ரெண்டுலயுமே ரொம்பக் கம்மி. அதாவது இந்த ஒரு இடத்துல கரண்ட்தான் மென்மையான வழி. ரெண்டையும் சேத்துப் பண்ணாத்தான் வீக்கம் அதிகமா வரும். அப்புறம் மார்பை எடுத்துட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம்னு இருக்கிறவங்க, பின்னாடி ரேடியேஷன் வரும்னா இம்ப்ளான்டைச் சுத்தி இறுகிக் கல்லு மாதிரி ஆகற வாய்ப்பு கூடும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, வயித்துச் சதையை எடுத்து வைக்கிறது, கொஞ்ச நாள் தள்ளி வைக்கிறதுன்னு வேற வழியும் இருக்கு.

பணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், ரேடியேஷனும் அதுல வருது, எந்த முறைக்கு எவ்வளவு அப்ரூவல்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்ட்டர்ல ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, கீமோ ஆபரேஷன் ரேடியேஷன் மூணும் ஒரே வருஷத்துல வந்தா 5 லட்சம் எப்படி ஓடுதுன்னு தெரியாது. அரசு ஆஸ்பத்திரியில செலவு பெருசா இல்ல, ஆனா மெஷினுக்குக் காத்திருக்கணும். கீமோ இல்லாதவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசத்துக்குள்ள ரேடியேஷன் ஆரம்பிக்கறது நல்லது, அதனால தையல் ஆறட்டும்னு உக்காந்திருக்காம பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்னிக்கே க்யூவுல பேர் குடுத்துடுங்க. ரயில்ல போறவங்களுக்கு ட்ரீட்மென்ட்டுக்கான பயணத்துல சலுகை உண்டு, ஆஸ்பத்திரியிலயே ஃபாரம்ல டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவாங்க, ஸ்லீப்பர்ல பேஷண்டுக்கு டிக்கெட் கட்டணமே இல்ல, கூட வர்றவருக்கும் பெரும்பகுதி தள்ளுபடி, இது தெரியாமயே எத்தனையோ பேரு முழு டிக்கெட் எடுத்துப் போறாங்க.

கடைசி சிட்டிங் அன்னிக்கு எல்லாரும் சந்தோஷத்துல ஸ்வீட் பாக்ஸைக் குடுத்துட்டு கிளம்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் கேட்டு வாங்குங்க: எந்தப் பக்கம், எந்தெந்த இடத்துக்கு, மொத்தம் எத்தனை கிரே, எத்தனை சிட்டிங், பூஸ்ட் வச்சாங்களா, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும். பத்து வருஷம் கழிச்சு அந்தப் பக்கமே மறுபடி ஏதாவது வந்தா புது டாக்டர் முதல்ல கேக்கறது அதைத்தான், ஆஸ்பத்திரியில பழைய ஃபைல் இருக்குமான்னு யாருக்கும் தெரியாது. போன்ல ஒரு போட்டோவும் எடுத்து மகளுக்கோ மருமகளுக்கோ அனுப்பி வச்சுடுங்க.